டெம்ப்ளேட் ரேக்: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

கடந்த ஆறு மாதங்களாகச் சனிக்கிழமை மாலைகளில், பெங்களூர் அல்சூரில் நாங்கள் பூல் என்ற மேசைப் பந்தாட்டம் ஆடும் கூடத்தில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் பயன்படுத்துகிறேன். ஒன்பது பந்துகளும் தத்தம் இடத்தில் உட்காருவதற்கு ஏற்ப வெட்டப்பட்ட இந்தத் தாளை டெம்ப்ளேட் ரேக் என்பார்கள்; மேஜிக் ரேக் என்ற வணிகப் பெயரே இவ்வகைத் தாள்கள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர்போல் ஆகிவிட்டதால், அந்தப் பெயரைச் சொன்னால் பூல் ஆடுகிறவர்களுக்கு உடனே புரியும். பெரிய போட்டிகளின் ஒளிபரப்பில், பிரேக் அடித்த பந்துகள் ஓய்ந்ததும் ஒருவர் குனிந்து மேசைத் துணியின்மேலிருந்து எதையோ உருவி எடுப்பதைக் கவனித்திருந்தால், நீங்கள் பார்த்தது இதைத்தான். என்னுடையது அந்த அசல் பெயரில் வந்ததல்ல. அதே வகையைச் சேர்ந்த வேறொரு தாள். ஆட்டம் திடீரென்று மேம்பட்டுவிடும் என்ற எண்ணத்தில் நான் இதை வாங்கவில்லை. என் பிரேக்குகளைக் கணக்கெடுக்க விரும்பினேன். எடுக்கத் தொடங்கிய முதல் மாதத்திலேயே, மர முக்கோணத்தில் அடுக்கிய பந்துகளை வைத்துக்கொண்டு எந்தக் கணக்கும் நிற்காது என்று தெரிந்துபோனது. அந்தக் குறையை இந்தத் தாள் எவ்வளவு தூரம் தீர்த்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிரேக் என்ற சொல்லை முதலில் தெளிவுபடுத்திவிடுவது நல்லது. பெங்களூரில் மேசைப் பந்தாட்டம் என்றதும் பலருக்கு நினைவு வருவது ஸ்னூக்கரும் பில்லியர்ட்ஸும்தான். கர்நாடக மாநில பில்லியர்ட்ஸ் சங்கமும் அங்கே பயின்று வளர்ந்த பங்கஜ் அத்வானியும் இந்த ஊருக்குத் தேடித் தந்த பெயர் அப்படிப்பட்டது. ஸ்னூக்கரில் பிரேக் என்றால் ஒரே முறையில் விடாமல் எடுக்கும் புள்ளிகள். அதன் உச்சமாகக் கருதப்படும் 147 என்ற எண்ணை ஆடாதவர்களும் கேள்விப்பட்டிருப்பார்கள். அங்கே தொடக்க அடி ஒரு தற்காப்பு அடி: வெள்ளைப் பந்தை எதிராளிக்கு உதவாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவதே அதன் நோக்கம். பூலில் பிரேக் என்பது தொடக்க அடியையே குறிக்கும், அது முழுக்க முழுக்கத் தாக்குதல் அடி. அடுக்கிய பந்துகளை வெடிக்கவிட்டு, ஒன்றையாவது பாக்கெட்டில் போட்டு, வெள்ளைப் பந்தையும் காப்பாற்றி, அடுத்த அடிக்கு வழியும் திறந்துவைத்தால்தான் அது நல்ல பிரேக்.

தொழில்முறை ஒன்பது பந்து ஆட்டத்தில் பிரேக் புள்ளிவிவரம் எடுக்கிறவர்கள் ஒவ்வொரு ரேக்குக்கும், அதாவது பந்துகளை ஒருமுறை அடுக்கி ஆடி முடிக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும், மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுகிறார்கள். பிரேக்கில் ஏதேனும் ஒரு பந்து விழுந்ததா, வெள்ளைப் பந்து விழுந்தோ மேசையை விட்டுத் தாவியோ ஃபவுல் ஆனதா, அல்லது எதுவும் விழாமல் வறண்டுபோனதா என்பது முதல் கேள்வி. அந்த ரேக்கை முடிவில் வென்றவர் பிரேக் அடித்தவரா, எதிராளியா என்பது இரண்டாவது. பிரேக் அடித்தவர் எதிராளியை நாற்காலியிலிருந்து எழவே விடாமல் அதே முறையில் மேசையைத் துடைத்துவிட்டாரா என்பது மூன்றாவது. இந்த வகைக் கணக்குக்கு முன்னோடி, அமெரிக்க ஆட்டக்காரரான பாட் ஃப்ளெமிங் 1980-களில் தொடங்கிய அக்யு-ஸ்டாட்ஸ். ஒருவர் போட்ட பந்துகளின் எண்ணிக்கையை, அதையும் அவர் செய்த தவறுகளையும் கூட்டிய தொகையால் வகுத்து ஓர் எண்ணைத் தருவது அவர்களுடைய முறை. 81 பந்துகளைப் போட்டு 9 தவறுகள் செய்தவருக்கு 0.900 கிடைக்கும், அந்த அளவைத் தொடுவது உயர்தரமான ஆட்டம் என்று கருதப்படுகிறது. பூலை வெறும் கைராசி என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, ஒரு முழு ஆட்டத்தையும் இப்படி ஒரு பின்னத்துக்குள் அடக்கிப் பார்க்கலாம் என்று தெரிந்தது பெரிய திறப்பாக இருந்தது.

இந்தக் கணக்குகளைத் தொடர்ந்து பார்த்துவரும்போது முதலில் வியப்பளிப்பது, பிரேக் அடிப்பவருக்குக் கிடைக்கும் சாதகம் நாம் நினைக்கும் அளவுக்குப் பெரிதல்ல என்பது. டென்னிஸில் சர்வீஸ் போடுகிறவர் அந்த ஆட்டத்தைப் பெரும்பாலும் தம்மிடமே வைத்துக்கொள்கிறார். ஒன்பது பந்து ஆட்டத்தில், உலகத்தரத்தில் ஆடுகிறவர்களிடையேகூட, பிரேக் அடித்தவர் வெல்லும் பங்கு பாதியைத் தாண்டி வெகுதூரம் போவதில்லை. அந்தச் சிறிய இடைவெளிக்குள்தான் ரேக், துணி, விதி, ஆட்டக்காரரின் கை ஆகிய எல்லாமும் வேலை செய்கின்றன. அளக்க வேண்டிய பொருளே இவ்வளவு சிறியதாக இருக்கும்போது, அளவுகோல் ஆடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்?

எங்கள் கூடத்தில் நான்கு மேசைகள். இரண்டு ஸ்னூக்கர், இரண்டு ஒன்பதடிப் பூல் மேசைகள். பந்து அடுக்கிக் கொடுக்கும் மார்க்கர் அண்ணன் ஜோலார்பேட்டைக்காரர், வாழ்வின் பாதியைப் பச்சைத் துணியின் அருகிலேயே கழித்தவர். மர முக்கோணத்தில் பந்துகளைப் போட்டு, முன்னும் பின்னும் ஒருமுறை உருட்டி, பின்வரிசையை விரல்களால் முட்டுக்கொடுத்து, சட்டத்தைத் தூக்கும்போது அவர் கையில் ஓர் அசைவும் தெரியாது. ஆனால் ஒருநாள் என் மைத்துனர், பந்துகளை அடுக்கி முடித்த பிறகு, கைப்பேசியின் டார்ச்சை எரியவிட்டு ரேக்குக்குப் பின்னால் துணிமேல் படுக்கவைத்தார். முன்னால் குந்தியிருந்து பார்த்தேன். முன்முனையிலுள்ள 1-ஆம் பந்துக்கும் அதன் வலப்பக்கத்துப் பந்துக்கும் நடுவே, நூல் போல ஒரு வெளிச்சக் கோடு செங்குத்தாக நின்றது. 9-ஐ ஒட்டிய இடத்தில் இன்னொன்று, அதைவிடத் தடிமனாக. மறுபடி அடுக்கச் சொன்னோம். கோடுகள் மறையவில்லை, இடம் மட்டும் மாறின.

இதில் அண்ணனின் கைமேல் குறை சொல்ல எதுவும் இல்லை. பதினைந்து பந்துகளுக்காகச் செய்த முக்கோணச் சட்டத்தில் ஒன்பது பந்துகளை வைரவடிவில் அடுக்கும்போது, முன்பக்கத்து இரண்டு சுவர்கள்தான் பந்துகளைத் தாங்குகின்றன. பின்பக்கத்தை அடுக்குகிறவரின் விரல்கள்தான் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று என்று வரிசையாக அமையும் அந்த வைரத்தில் பந்தும் பந்தும் தொட்டுக்கொள்ளும் புள்ளிகளை எண்ணிப் பாருங்கள்: மொத்தம் 16 வரும். நடுவிலுள்ள 9 மட்டும் ஆறு பந்துகளைத் தொடுகிறது. முன்முனையிலும் பின்முனையிலும் உள்ளவை இரண்டிரண்டைத் தொடுகின்றன. சிறகுப் பந்துகள் என்று நாங்கள் சொல்லும் இடக்கோடி வலக்கோடிப் பந்துகள் மும்மூன்றைத் தொடுகின்றன. அடியின் விசை இந்த 16 வாசல்கள் வழியாகத்தான் பரவுகிறது. ஒரு வாசல் காகிதத் தடிமன் அளவுக்குத் திறந்திருந்தாலும் விசை அந்த நொடியில் வேறு வழியைத் தேடிக்கொள்கிறது. பந்துகள் வேறு திசைகளில் சிதறுகின்றன. ஆக, முதல் மாதம் முழுவதும் நான் நோட்டில் எழுதிவந்தது என் பிரேக்கின் கணக்கல்ல. என் பிரேக்கும், அந்தந்த ரேக்கில் எந்த வாசல் திறந்திருந்தது என்பதும் கலந்த ஒரு கலவையின் கணக்கு.

தாளைப் பயன்படுத்துவதைக் கற்க ஐந்து நிமிடம் போதும். அதன் முன்முனையை, ரேக்குக்காக மேசையில் குறித்திருக்கும் ஸ்பாட் என்ற புள்ளிக்கு நேராக வைத்து, உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் படியவைத்து, பந்துகளை ஒவ்வொன்றாக இட வேண்டும். வெட்டுகளின் ஓரத்தில் பந்து தானாகவே சரிந்து உள்நோக்கி விழுந்து, பக்கத்துப் பந்தோடு ஒட்டிக்கொள்கிறது. கடைசியாக 9-ஐ நடுவில் இறக்கும்போது கேட்கும் அந்த ஒரேயொரு மெல்லிய சத்தம், எல்லாம் சேர்ந்துவிட்டது என்பதைச் சொல்லும். டார்ச் வைத்துப் பார்த்தோம். வெளிச்சக் கோடு எங்கும் இல்லை. யார் அடுக்கினாலும் இதே முடிவு. என் மைத்துனரின் பத்து வயது மகள் அடுக்கியதும், மார்க்கர் அண்ணன் அடுக்கியதும் எங்கள் கண்ணுக்கு ஒன்றாகவே இருந்தன. அண்ணன் ஒரு நிமிடம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இத வச்சுட்டா அப்புறம் இங்க எனக்கு என்ன வேலை தம்பி?” என்று கேட்டார். கணக்குக்காக மட்டும்தான் அண்ணா என்று சொன்னேன். அவர் கேட்டதில் ஒரு வருத்தம் இருந்தது. அது நியாயமான வருத்தம்தான். சில வாரங்களில் பந்துகளின் அளவைப் பற்றி அவர் கண்டுபிடித்துச் சொன்னது இல்லாவிட்டால் என் நோட்டு பாதியிலேயே பிழையாகியிருக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

இறுக்கமான ரேக் என்றவுடனே எல்லாம் நலம் என்று சொல்லிவிட முடியாது என்பதைத் தொழில்முறை ஆட்டத்தின் வரலாறே காட்டுகிறது. 2000-களின் தொடக்கத்தில் சார்டோ ரேக் என்ற இயந்திரச் சட்டம் போட்டிகளில் புழங்கியது. பந்துகளை இடைவெளியின்றி அடுக்குவதுதான் அதன் வேலை. பந்துகள் ஒன்றோடொன்று முழுமையாக ஒட்டியிருக்கும்போது, சிறகுப் பந்து ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட ஒரே திசையில், பின்மூலைப் பாக்கெட்டை நோக்கிப் போகிறது. இதைப் புரிந்துகொண்ட ஆட்டக்காரருக்குப் பலமாக அடிக்கத் தேவையே இல்லை. 2001 அமெரிக்க ஓப்பன் ஒன்பது பந்துப் போட்டியை வென்ற கோரி டூயல் என்ற இளைஞர் பெயர்பெற்றது இப்படியான மென்மையான பிரேக்கினால்தான்: மெதுவாக அடித்தால் சிறகுப் பந்தும் விழும், மற்ற பந்துகளும் அதிகம் சிதறாமல் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். பார்வையாளர்களுக்கு அது ஏமாற்றமாக இருந்தது என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது விளையாட்டுலகின் மிக அழகான சிந்தனைகளில் ஒன்றாகவே படுகிறது. எல்லோரும் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வெள்ளைப் பந்தை எறிந்துகொண்டிருந்தபோது, ஒருவர் நிதானமாக நின்று, ரேக் என்ன சொல்கிறது என்று கேட்டிருக்கிறார்.

இந்த மென்மையான பிரேக்குக்குப் போட்டி நடத்துகிறவர்கள் கண்ட மாற்று வழிகளில் ஒன்று, 1-ஐ ஸ்பாட்டில் வைப்பதற்குப் பதிலாக 9-ஐ ஸ்பாட்டில் வைப்பது. மேட்ச்ரூம் நிறுவனம் நடத்தும் பெரிய போட்டிகளில் இந்த முறையைப் பார்க்கலாம். எங்கிருந்து பிரேக் அடிக்கலாம் என்பதற்கும் மேசையின் தலைப்பகுதியில் ஒரு பெட்டியை வரையறுத்திருக்கிறார்கள். பந்தின் விட்டம் 57.15 மில்லிமீட்டர். அந்தக் கணக்கில் 9 ஸ்பாட்டுக்கு வரும்போது மொத்த ரேக்கும் பிரேக் அடிப்பவரை நோக்கி ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நகர்கிறது. சிறகுப் பந்து அதே திசையில் புறப்பட்டாலும், இப்போது பாக்கெட்டின் வாயை அடைவதற்கு முன்பே நீளப் பக்கத்து ஓரத் தடுப்பான குஷனில் மோதிவிடுகிறது. ஆட்டக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வெள்ளைப் பந்தைச் சற்றே ஓரமாக இறக்கி, 1-ஐ நடுப் பாக்கெட்டில் விழவைக்கும் அடியைப் பழகிக்கொண்டார்கள். ஆகவே இரண்டு போட்டிகளின் பிரேக் வெற்றி விகிதத்தை அருகருகே வைத்து ஒருவர் மற்றவரைவிடச் சிறந்தவர் என்று பேசுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, ஸ்பாட்டில் இருந்தது எந்தப் பந்து என்பதைத்தான். 1-ஐ வைத்து எடுத்த விகிதமும் 9-ஐ வைத்து எடுத்த விகிதமும் இரண்டு வெவ்வேறு விளையாட்டுகளின் எண்கள்.

எங்கள் மேசையில் இந்த வேறுபாட்டை நேரடியாகப் பார்க்க முடிந்ததுதான் இந்தத் தாளுக்கு நான் கொடுக்கும் மிகப்பெரிய பாராட்டு. இரண்டு மாதம் 1-ஐ ஸ்பாட்டில் வைத்து ஆடினோம். இடச் சிறகுப் பந்து மூலைப் பாக்கெட்டில் விழுந்த சத்தம் எங்களுக்குப் பழகிப்போய், அது விழாத பிரேக்குகளில்தான் தலைநிமிர்ந்து பார்த்தோம். மூன்றாம் மாதம் 9-ஐ ஸ்பாட்டுக்குக் கொண்டுவந்தோம். அன்று மாலை நான் அடித்த முதல் பிரேக்குகள் வரிசையாக வறண்டன, என் மைத்துனர், “மச்சான், ரெண்டு மாசமா ஆடுனது நீயா, அந்தத் தாளா?” என்று கேட்டார். கேள்வி சுட்டது, ஆனால் மர முக்கோணத்தோடு ஆடிய காலத்தில் அப்படி ஒரு கேள்வியைக் கேட்கவே வழியில்லை. அதற்குப் பிறகுதான் என் பிரேக்கை உண்மையில் சீர்திருத்தத் தொடங்கினேன். வேகத்தைக் குறைத்தேன், வெள்ளைப் பந்து 1-ஐ முழுமையாகச் சந்திக்கிறதா என்பதை மட்டும் கவனித்தேன், அடித்த பிறகு அது மேசையின் நடுவில் நிற்கப் பழக்கினேன். பல வாரங்கள் கழித்து எண்கள் நகர்ந்தபோது, அது என் கையால் நகர்ந்தது என்று சொல்லும் துணிவு எனக்கு இருந்தது.

கணக்கெடுக்கும் எண்ணத்தோடு இதை வாங்குகிறவர்கள் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். தாள் ரேக்கின் தற்செயலைத்தான் குறைக்கும். எண்ணிக்கையின் தற்செயலைக் குறைக்காது. ஒருவருடைய உண்மையான பிரேக் வெற்றி விகிதம் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அவர் 100 பிரேக் அடித்தால், நிகழ்தகவுக் கணக்குப்படி, ஏறத்தாழ 50 முதல் 70 வரை எந்த எண் வந்தாலும் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. 10 பிரேக் மட்டும் அடித்தால் 4 வந்தாலும் 8 வந்தாலும் அவர் அதே ஆள்தான். பிரேக்கை மாறி மாறி அடித்து, முதலில் 11 ரேக் வெல்பவரே வெற்றியாளர் என்ற ஓர் ஆட்டத்தில், கடைசி ரேக் வரை இழுத்தாலும் ஒருவர் அடிக்கும் பிரேக் 11-ஐத் தாண்டாது. ஓர் இறுதிப் போட்டியில் ஒருவரின் பிரேக் சரியில்லை என்று வர்ணனையாளர் சொல்வது பெரும்பாலும் இந்தச் சிறு எண்ணிக்கையை வைத்துத்தான். நான் இப்போது 100 பிரேக் சேரும்வரை சதவீதம் போட்டுப் பார்ப்பதே இல்லை. கோடு போட்டு எண்ணிக்கொண்டே போகிறேன். ஒரு மாலையில் அதிகம் போனால் இருபது முப்பது பிரேக் அடிக்க முடியும் என்பதால், இதற்குப் பல வாரங்கள் பொறுமை வேண்டும்.

வெல்கிறவரே மறுபடி பிரேக் அடிக்கும் முறையில் இந்தச் சிறு வேறுபாடுகள் எப்படிப் பெருகுகின்றன என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு, 1996-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் நடந்தது. எதிராளி எழாமல் தொடர்ந்து 10 ரேக்குகளைப் பிரேக்கிலிருந்தே முடிப்பவருக்கு 10 லட்சம் டாலர் என்று அறிவித்திருந்தார்கள். எர்ல் ஸ்ட்ரிக்லண்ட் அதைச் செய்துகாட்டினார். ஒருவர் நான்கு பிரேக்குக்கு ஒன்று வீதம் மேசையைத் துடைப்பார் என்றால், பத்தும் தொடர்ந்து அமைவதற்கான வாய்ப்பு 10,48,576-இல் ஒன்று. அதே ஆள் இரண்டுக்கு ஒன்று வீதம் துடைப்பார் என்றால் அது 1,024-இல் ஒன்றாக மாறிவிடுகிறது. ஒரு ரேக்கில் இரண்டு மடங்கு என்பது பத்து ரேக்கில் ஆயிரம் மடங்காகிறது. பிரேக்கைப் பற்றி நான் ஏன் இவ்வளவு கவலைப்படுகிறேன் என்று கேட்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுகிறேன்.

நோட்டில் என்ன எழுதுவது என்பதிலும் தாள் எனக்கு ஒரு பாடம் கற்றுத் தந்தது. தொடக்கத்தில் பந்து விழுந்ததா இல்லையா என்பதை மட்டும் குறித்தேன். ஆனால் ஒன்பது பந்து ஆட்டத்தில் மேசையிலுள்ள மிகச் சிறிய எண்ணைத்தான் முதலில் தொட வேண்டும். சிறகுப் பந்து விழுந்து, 1-ஆம் பந்து 6-க்கும் 8-க்கும் பின்னால் ஒளிந்துகொண்டால், விழுந்ததால் என்ன பயன்? தள்ளிவிடும் அடியை, அதாவது புஷ் அவுட்டை, எடுத்துக்கொண்டு வெள்ளைப் பந்தை வேறிடத்தில் வைத்து, அடுத்து யார் அடிப்பது என்ற எதிராளியின் தேர்வுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அதனால் சின்னப் பந்து கண்ணுக்குத் தெரிந்ததா என்ற ஒரு கட்டத்தைச் சேர்த்தேன். சேர்த்தபின் என் முந்தைய பெருமை பாதியாகக் கரைந்தது. பந்து விழுந்த பிரேக்குகளில் கணிசமானவற்றில் எனக்கு அடுத்த அடியே இருந்திருக்கவில்லை. இந்த ஒரு கட்டத்தைத் தொழில்முறைப் புள்ளிவிவரங்களிலும் எல்லாரும் சேர்த்தால், பலமான பிரேக்கையும் கட்டுப்பாடான பிரேக்கையும் பற்றிய விவாதங்கள் பாதி அடங்கிவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

இனிக் குறைகள். நான் முதலில் இணையத்தில் வாங்கிய தாள் மடிக்கப்பட்டு ஓர் உறைக்குள் வந்தது. மடிப்பு சரியாக 9 உட்காரும் இடத்தின் குறுக்கே ஓடியது. எவ்வளவு அழுத்தியும், இரண்டு நாள் கனமான அகராதிக்கு அடியில் வைத்தும், அந்த முகடு போகவில்லை. பிரித்த பொருளைத் திருப்பி எடுக்க முடியாது என்று விற்றவர் மறுத்துவிட்டார். இரண்டாவதை நகரத்துக்குள் விளையாட்டுப் பொருள் விற்கும் ஒரு கடையில், கண்ணாடி மேசைமேல் விரித்துப் பார்த்து, ஓரங்கள் எழவில்லை என்று உறுதிசெய்தபின் வாங்கினேன். ஒரு மணி நேர மேசைக் கட்டணத்தைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆனது. நீங்களும் கையால் தொட்டுப் பார்த்து வாங்குங்கள். சுருட்டி வருபவையும் நல்லவையல்ல. சுருள் முழுவதும் நிமிர வாரங்கள் ஆகின்றன.

பிரேக்குக்குப் பிறகு தாள் மேசைமேலேயே கிடக்கிறது என்பது அடுத்த சிக்கல். வேகமாக ஓடும் பந்து அதன்மேல் ஏறி இறங்குவது தெரிவதே இல்லை. ஓய்வெடுக்கப் போகும் மெதுவான பந்து ஓரத்தில் தட்டுப்பட்டுத் திசைமாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பந்து தாளின்மேலேயே நின்றுவிட்டால் தொல்லை இன்னும் அதிகம். நாங்கள் அது அசைந்து விலகும்வரை தாளைத் தொடுவதில்லை என்று எங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். எட்டுப் பந்து ஆடுகிறவர்களுக்கு, நம் ஊரில் அவர்கள்தான் அதிகம், அந்த ஆட்டத்தில் அடுக்குவது பதினைந்து பந்துகள் என்பதால், அதற்கான தனித் தாள் வேண்டும்; ஒன்பதுக்கானது உதவாது. அந்த முழு முக்கோணத்தில் தொடுபுள்ளிகள் 30 என்பதால் நல்ல அடுக்கின் தேவை அங்கே இன்னும் கூடுதல்.

மார்க்கர் அண்ணன் கண்டுபிடித்ததை இப்போது சொல்கிறேன். ஐந்தாம் வாரம் தாள் வைத்தும் வலப்பக்கத்தில் வெளிச்சக் கோடு தெரிந்தது. தாள் கெட்டுவிட்டது என்று நான் முடிவுகட்டினேன். அவர் தாளைத் தொடவில்லை. வலச் சிறகிலிருந்த 4-ஐ எடுத்து இடப்பக்கம் வைத்தார், இடத்திலிருந்ததை வலத்துக்குக் கொண்டுவந்தார். கோடு 4-ஐப் பின்தொடர்ந்து இடப்பக்கம் போனது. “தாள் இல்ல தம்பி, பந்துதான் தேஞ்சிருக்கு, இது பழைய செட்டு” என்றார். பந்தின் விட்டத்தில் விதிகள் அனுமதிக்கும் வேறுபாடு 0.127 மில்லிமீட்டர் அளவு மட்டுமே. பல ஆண்டு உழைத்த பந்தும் புதுப் பந்தும் ஒரே பெட்டியில் கலந்துகிடக்கும் கூடத்தில் அந்த எல்லை எளிதில் மீறப்பட்டுவிடுகிறது. எந்தத் தாளும் இதைச் சரிசெய்யாது. அவர் உள்ளிருந்து ஒரே செட்டின் பந்துகளாகப் பொறுக்கிக் கொண்டுவந்து தந்தார்; இன்றுவரை சனிக்கிழமைகளில் எங்களுக்கு அந்தப் பெட்டிதான். நான் முந்தைய ஐந்து வாரக் கணக்கைக் கோடிட்டு அடித்துவிட்டு, புதுப்பக்கத்தில் தொடங்கினேன்.

துணியைத் தாள் கெடுக்குமா என்று சில கூடங்களில் தயங்குகிறார்கள். என் அனுபவம் அதற்கு நேர்மாறானது. மர முக்கோணத்தில் அடுக்கும்போது பந்து ஒட்டுவதற்காக மேலிருந்து தட்டுவார்கள். ஒவ்வொரு தட்டும் துணியில் ஒரு குழியாகத் தங்கி, ஸ்பாட்டைச் சுற்றிச் சொறி பிடித்தாற்போல வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும். தாளில் தட்ட வேண்டிய தேவையே இல்லை. நாங்கள் ஆடும் மேசையில் அந்தப் பகுதி பக்கத்து மேசையைவிட இப்போது தெளிவாக இருக்கிறது. மழைக்காலத்தில் துணி ஈரம் இழுத்து மேசை மந்தமாகும் நாட்களில் தாள் சற்று வழுக்குகிறது, அவ்வளவுதான்.

வாரம் ஒருமுறை நண்பர்களோடு எட்டுப் பந்து ஆடி, தேநீர் குடித்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு இது அவசியமில்லை. ஒன்பது பந்தோ பத்துப் பந்தோ பழகுகிறவர்கள், தம் பிரேக் எங்கே நிற்கிறது என்று அறிய விரும்புகிறவர்கள், சிறு போட்டிகள் நடத்துகிறவர்கள் ஆகியோருக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். போட்டி நடத்துகிறவர்கள் கூடவே 9-ஐ ஸ்பாட்டில் வைத்தால் நல்லது. இல்லையேல் சிறகுப் பந்தே ஆட்டத்தைத் தீர்மானித்துவிடும். பந்து விழாவிட்டால் நான்கு பந்துகளாவது குஷனைத் தொட வேண்டும் என்ற உலக விதியையும் முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். மென்மையான பிரேக்கைப் பற்றிய சண்டை முக்கால்வாசி அதில் அடங்கிவிடும்.

தாளை வளையாமல் வைத்துக்கொள்ளக் கியூ பை உதவவில்லை. இப்போது அது கூடத்திலேயே இருக்கிறது, மார்க்கர் அண்ணனின் கட்டணப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்துக்கும் அட்டைக்கும் நடுவில். சனிக்கிழமை ஆறு மணிக்கு நாங்கள் படியேறும் சத்தம் கேட்டதும் அவரே எடுத்து, உள்ளங்கையால் ஒருமுறை தடவி, ஸ்பாட்டில் விரித்துவிடுகிறார். 9-ஐ மட்டும் நான் வந்து வைப்பதற்காகக் குஷன்மேல் விட்டுவைக்கிறார்.